ஈமெயில் போய்ச் சேரவில்லை அக்கா! - கணினிக் கேள்வி பதில்

போன இதழில், கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் ஆப் எழுதிக் கொடுக்கிறவர்கள் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஈமெயில் அனுப்புவது பற்றியும், ஜனங்களிடம் வாங்கி வைத்த விவரங்களை என்ன செய்வது என்பது பற்றியும்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் பெயர் மட்டும், எல்லாம் நம் பர்மா ஊர்கள்தான்.

கேள்வி (பெகு, கோயில் கமிட்டி இளைஞர்): அக்கா, எங்கள் கோயில் வெப்சைட்டில் அர்ச்சனைக்குப் பதிவு செய்ய ஒரு ஃபார்ம் வைத்திருக்கிறேன். பக்தர் நிரப்பி அனுப்பினால், அவருடைய ஈமெயிலிலிருந்தே கமிட்டிக்கு மெயில் வருகிற மாதிரி கோட் எழுதினேன். ஆரம்பத்தில் ஒழுங்காக வந்தது. இப்போது பாதி ஸ்பாமில் கிடக்கிறது, மீதி வருவதே இல்லை. கோடை வரி வரியாகப் பார்த்துவிட்டேன், தப்பு தெரியவில்லை.

பதில்: தம்பி, கோட் சரிதான். அனுப்புநர் என்று யார் பெயரைப் போடுகிறீர்கள் என்பதில்தான் தப்பு. பக்தரின் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு, உங்கள் சர்வரிலிருந்து மெயிலை விடுகிறீர்கள். வாங்குகிற பக்கம் அதைப் பார்த்து, "ஜிமெயில்காரர் எழுதியதாகச் சொல்கிறது, ஆனால் ஜிமெயில் சர்வரிலிருந்து புறப்படவில்லையே" என்று நிறுத்திவிடும். உங்கள் எண்ணம் நல்லதாக இருந்தாலும், மோசடிக்காரன் செய்வதும் அச்சு அசலாக இதே வேலைதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை.

ஒரு வரியை மாற்றினால் போதும். அனுப்புநர் இடத்தில் கோயிலின் சொந்த டொமைன் (வெப்சைட்டுக்கு வாங்கிய பெயர்) முகவரியைப் போடுங்கள். பக்தரின் முகவரியை 'ரிப்ளை-டு' என்ற இடத்தில் வையுங்கள். கமிட்டியில் யாராவது 'பதில்' பொத்தானை அழுத்தினால் அது நேரே பக்தருக்குத்தான் போகும். நீங்கள் விரும்பியதும் அதுதானே.

அப்புறம், டொமைன் வாங்கிய இடத்தில் உள்ளே போய் மூன்று பதிவுகளைச் சரிபாருங்கள். மெயில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போக வேண்டும் என்று சொல்லும் எஸ்.எம்.டி.பி. விதிகள் 1982-ல் எழுதப்பட்டபோது, யார் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் மெயில் விடலாம் என்றுதான் இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவைதான் இந்த மூன்றும். எஸ்.பி.எஃப். என்பது, எங்கள் பெயரில் மெயில் அனுப்ப உரிமை உள்ள சர்வர்கள் இவை என்று ஊரறியப் போட்டு வைக்கும் பட்டியல். டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் போடும் கையெழுத்து. வழியில் யாராவது ஓர் எழுத்தைத் திருத்தினாலும் கையெழுத்து ஒத்துப்போகாது. டிமார்க் என்பது, இவை தேறாத மெயிலை வாங்குகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லி வைக்கும் உத்தரவு. எஸ்.பி.எஃப். பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். புதிதாக ஒரு மெயில் சேவையில் சேரும்போது அவர்கள் கொடுத்த வரியைத் தனியாக இரண்டாவது பதிவாகப் போட்டுவிடுகிறோம். அதோடு இரண்டுமே செல்லாமல் போகும். என்னிடம் வந்த கோயில், கடை வெப்சைட்டுகளில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். பழைய பதிவுக்குள்ளேயே புதிய சர்வரின் பெயரைச் சேர்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் வந்தது இப்போது ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். பெரிய மெயில் நிறுவனங்கள் வருஷத்துக்கு வருஷம் பிடியை இறுக்கி வருகின்றன. கூகுளும் யாஹுவும் 2024 பிப்ரவரியிலிருந்து ரொம்பக் கண்டிப்பு. சிறிய அனுப்புநருக்கும் எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும், விளம்பர மெயில் என்றால் ஒரே அழுத்தில் விலகும் வசதியும் வேண்டும். ஆயிரம் மெயிலுக்கு மூன்று பேர் ஸ்பாம் என்று குறித்தாலே உங்கள் டொமைனின் மதிப்பு இறங்கும். கோயில் நோட்டீஸை, கேட்காதவர்களுக்கும் புண்ணியம் என்று நினைத்து அனுப்பாதீர்கள்.

எல்லாம் போட்ட பிறகு உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் அசல் மெயிலைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மூன்று பெயரும் வரிசையாக வரும், பக்கத்திலேயே 'பாஸ்' என்று இருக்கும். கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். போன் ஆப்பில் அந்த மெனு கிடைக்காது.

கேள்வி (மோல்மீன், துணிக்கடை ஆப் நடத்தும் வாசகி): பில் போட்டதும் வாடிக்கையாளருக்கு ரசீது ஈமெயில் போகிற மாதிரி செய்திருக்கிறோம். கரண்ட் போய் வரும் நாட்களில் ஒரே ரசீது இரண்டு தடவை, சில பேருக்கு மூன்று தடவை போகிறது. பொத்தானை ஒரு தடவைக்கு மேல் அழுத்த முடியாதபடி செய்தும் நிற்கவில்லை.

பதில்: போன மழைக்காலத்தில் இதே கூத்தை ரங்கூனில் என் சித்தி மகன் கடையில் நேரில் பார்த்தேன். சாயங்காலம், கடையில் நல்ல கூட்டம். ஒரு பாட்டிக்கு லுங்கியும் பேரனுக்குச் சட்டையும் போட்டு, பில் பொத்தானை அழுத்தினான். அந்த நொடியே கரண்ட் போனது. வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. போனில் அந்த வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் 'இணைப்பு இல்லை, மறுபடி முயற்சிக்கவும்' என்று வந்தது. அவன் போன் டேட்டாவுக்கு மாற்றி மறுபடி அழுத்தினான். மறுபடி தவறு. மூன்றாவது தடவை போனது. ராத்திரி பாட்டியின் மகள் போன் செய்தாள்: "மூணு தடவை காசு எடுத்துட்டீங்களா?" பாட்டி அதுவரை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் தடவை அழுத்தியதே சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பில் பதிவாகி, மெயிலும் புறப்பட்டுவிட்டது. தொலைந்தது 'சரி, வந்துவிட்டது' என்று சர்வர் திருப்பிச் சொன்ன பதில் மட்டும்தான். போன் பக்கம் நிற்கிறவருக்கு, போகவே இல்லையா, போய்ப் பதில் மட்டும் தொலைந்ததா என்று பிரித்துப் பார்க்க வழியே கிடையாது. இரண்டும் ஒரே வட்டம்தான், சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பொத்தானைப் பூட்டுவது பயன்படவில்லை. கடைக்காரர் விட்டாலும், ஆப்புக்குள் இருக்கும் இணைப்பு நிரலே சில சமயம் தானாக இரண்டாவது தடவை அனுப்பும்.

மருந்து இதுதான். பில் திறக்கும்போதே, சர்வரைக் கேட்காமல், போனிலேயே அந்த பில்லுக்கு ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்குங்கள். யு.யு.ஐ.டி. என்று எல்லா மொழியிலும் தயாராக இருக்கிறது. எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண்ணோடு போக வேண்டும். சர்வரில் அந்த எண்ணை வைக்கும் பத்தியை 'ஒருமுறைதான் வரலாம்' என்ற கட்டுப்பாட்டோடு அமையுங்கள். இரண்டாவது தடவை அதே எண் வந்தால் புதிய பில் போடக் கூடாது. முன்னால் சொன்ன பதிலையே திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனையை டேட்டாபேஸ்தான் செய்ய வேண்டும். 'முதலில் தேடிப் பார், இல்லாவிட்டால் போடு' என்று உங்கள் கோடில் எழுதினால், ஒரே நொடியில் இரண்டு வந்தால் இரண்டும் நுழைந்துவிடும்.

மெயிலைப் பில் போடும் அதே ஓட்டத்தில் அனுப்பாதீர்கள். பில்லைப் பதிவு செய்யும்போதே, அதே டேட்டாபேஸ் பரிவர்த்தனையில் (பதிவானால் இரண்டும் சேர்ந்து பதிவாகும், இல்லாவிட்டால் இரண்டுமே ஆகாது), 'அனுப்ப வேண்டியவை' என்ற இன்னொரு அட்டவணையில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடைக்காரருக்குச் சரி சொல்லிவிடுங்கள். பின்னால் தனியாக ஓடும் ஒரு நிரல் அந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பி, அனுப்பியாயிற்று என்று குறிக்கட்டும். மெயில் சேவை அரை மணி நேரம் படுத்துவிட்டாலும் கடையில் பில் நிற்காது. அனுப்பியதற்கும் குறிப்பதற்கும் நடுவில் அந்த நிரலே செத்துவிட்டால் ஒரு மெயில் இரட்டிக்கத்தான் செய்யும். அதனால் ரசீதின் தலைப்பிலேயே பில் எண்ணைப் போடுங்கள். இரண்டு வந்தாலும் ஒரே பில்தான் என்று பாட்டியின் மகளுக்குப் புரியும்.

அனுப்ப முடியாமல் போனால் பதில் எண்ணைப் பாருங்கள். 4-ல் தொடங்கும் எண் என்றால் 'இப்போது முடியாது, அப்புறம் வா'. ஒரு நிமிஷம், ஐந்து நிமிஷம், அரை மணி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். மெயில் சர்வர்கள் நாலைந்து நாள் வரை விடாமல் முயல்வதுதான் முறை. 5-ல் தொடங்கினால் மறுப்பு, திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள். அப்படிப்பட்ட முகவரி இல்லை என்று பதில் வந்தால் உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

போன் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. பில்லை முதலில் போனுக்குள்ளேயே எஸ்.க்யூ.லைட் என்ற சின்ன டேட்டாபேஸில் எழுதுங்கள், அப்புறம்தான் இணைப்பைத் தேடுங்கள். ஆண்ட்ராய்டில் ஒர்க்மேனேஜர் என்ற வசதி, நெட் வந்ததும் தானாக அனுப்பிவிடும். அதுவரை திரையில் 'காத்திருக்கிறது' என்றே காட்டுங்கள். போகாததைப் போய்விட்டது என்று காட்டும் ஆப்பைக் கடைக்காரர் ஒரே வாரத்தில் நம்பாமல் போய்விடுவார், பழையபடி கார்பன் பேப்பர் வைத்த பில் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்.

கேள்வி (தட்டோன்): ஆப்பிலிருந்தே நேராக ஜிமெயில் பாஸ்வேர்டைப் போட்டு மெயில் அனுப்பலாமா? சர்வர் வாடகை மிச்சமாகுமே.

பதில்: கூடாது. ஆப் ஃபைலைப் பிரித்து உள்ளே இருக்கும் எழுத்துகளைப் படிக்கக் கால் மணி நேரம் போதும். அதற்கு இலவசக் கருவிகளே இருக்கின்றன. உங்கள் பாஸ்வேர்ட் ஆப்பை இறக்கிய எல்லோர் கையிலும் போனதாக அர்த்தம். ஆப் உங்கள் சர்வரிடம் சொல்லட்டும், சர்வர் மெயில் அனுப்பட்டும். வாடகை இல்லாமல்தான் வேண்டும் என்றால், பொத்தானை அழுத்தியதும் போனில் உள்ள மெயில் ஆப் திறந்து, எழுதி நிரப்பிய மெயில் தயாராக நிற்கும்படி செய்யலாம். அனுப்பும் விரல் பயனாளருடையதாக இருக்கும். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (ரங்கூன், தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியை): பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஓர் ஆப்பில் வைத்திருக்கிறோம். கண்ணுக்கு முன்னால் இருக்கும் பெயரைத் தேடினால் இல்லை என்கிறது. பெற்றோருக்கு அனுப்பும் மெயிலில் பர்மிய வரிகள் சிலருக்கு ஒழுங்காகவும் சிலருக்குக் கொத்துப் பரோட்டா மாதிரியும் தெரிகின்றன. ஒரே மெயில்தானே, எப்படி?

பதில்: டீச்சர், உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். இந்த ஊர்த் தமிழருக்கு மட்டுமே வரக்கூடிய தலைவலி இது, இரண்டு எழுத்தும் சேர்ந்து வருகிறது.

முதலில் பர்மியம். இங்கே போன் பரவிய காலத்தில் எல்லா போனிலும் இருந்தது ஜாவ்ஜி என்ற ஃபான்ட். (அந்தப் பெயர் நம் 'யோகி'தான், பர்மியர் வாயில் அப்படி ஆகிவிட்டது.) 2014-ல் புதிய கம்பெனிகள் வந்து, அதுவரை எட்டாத விலையில் இருந்த சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு இறங்கியது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நெட்டுக்குள் வந்தது, வந்தவர்கள் எழுதியது ஜாவ்ஜியில். எந்த மொழி எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்று வகுத்ததுதான் யூனிகோட். அதில் பர்மிய எழுத்துக்கென்று ஒதுக்கிய அதே எண்களைத்தான் ஜாவ்ஜியும் எடுத்துக்கொண்டது, ஆனால் தன் இஷ்டப்படி அடுக்கிக்கொண்டது. உள்ளே இருக்கும் எண்கள் ஒன்றே. பார்க்கிறவர் போனில் எந்த ஃபான்ட் இருக்கிறதோ அதற்கேற்ப எழுத்து மாறும். ஒரே மெயில் இரண்டு விதமாகத் தெரிவது இதனால்தான். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடே யூனிகோடுக்கு மாறுவது என்று முடிவானது. ஆனால் அதற்கு முன் சேர்த்த பட்டியல்கள் தானாக மாறிவிடாது. உங்களிடம் பழைய எக்செல் ஃபைலிலிருந்து ஏற்றிய பெயர்கள் இருந்தால் அவை ஜாவ்ஜியாகத்தான் இருக்கும்.

தமிழில் நமக்கு இது புதிது இல்லை. பாமினி ஃபான்டில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியுமே, அது மாதிரி. ஆனால் பாமினியைப் பார்த்தவுடன் குப்பை என்று தெரிந்துவிடும். ஜாவ்ஜி அப்படியில்லை, அதுவும் பர்மிய எழுத்தாகவே தெரியும், அதனால் ஏமாந்துவிடுவோம். கூகுள் வெளியிட்ட 'மியான்மார் டூல்ஸ்' என்ற இலவச நிரல், ஒரு வரியைக் கொடுத்தால் அது ஜாவ்ஜியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும், மாற்றியும் கொடுக்கும். சின்னப் பெயர் ஒன்றை மட்டும் கொடுத்தால் அது தடுமாறும், ஏனென்றால் எழுத்து குறைவு. சந்தேகம் என்று வந்தவற்றைத் தனியாக எடுத்து, பர்மியம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்துவது நல்லது. பெயர் விஷயம், யூகத்தில் விடாதீர்கள்.

பெயரை விட மோசம் எண். பர்மிய எழுத்தில் 'வ'வும் சைபரும் கண்ணுக்கு ஒரே வட்டம். கீபோர்டில் எது கைக்கு வந்ததோ அதை அடித்திருப்பார்கள். போன் நம்பருக்குள் ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கும், ஆயிரம் தடவை பார்த்தாலும் தெரியாது. போன் நம்பர் வாங்கும் இடத்தில் பர்மிய எண்ணையும் அந்த 'வ'வையும் சாதாரண எண்ணாக மாற்றிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும். சேமிக்கும்போது 09 என்று ஒன்றும், 959 என்று ஒன்றும் வைக்காமல் எல்லாவற்றையும் நாட்டு எண்ணோடு ஒரே வடிவத்தில் வையுங்கள். எண்ணாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள். எக்செல்லுக்குப் போனால் அது முதலில் இருக்கும் சைபரைத் தின்றுவிடும்.

இப்போது தமிழ். நீங்கள் அனுப்பிய படத்தில் 'கோபால்' என்று தேடியிருக்கிறீர்கள். 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். இல்லை, இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக வைக்கலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் 'என்.எஃப்.சி.' என்ற சீராக்கலை ஒருமுறை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இது ஒரு வரி வேலை.

சீராக்கலுக்கும் பிடிபடாதவை சில உண்டு. 'கௌ' என்பதற்கு ஒற்றைக் கொம்பு போட்டு ளகரத்தை அடித்திருப்பார்கள். நெடிலின் காலுக்குப் பதில் ரகரம் இருக்கும். எல்லாவற்றையும் விட ஸ்ரீ. அதைத் தொடங்கும் எழுத்தை ஸகரமாகவும் வைக்கலாம், 2005-ல் யூனிகோடில் சேர்த்த ஶகரமாகவும் வைக்கலாம். பல ஃபான்டுகளில் இரண்டும் ஒரே வடிவம். பிள்ளைகளின் பெயரிலும் கோயில் பெயரிலும் ஸ்ரீ இல்லாத பட்டியல் உண்டா? இதற்கு நீங்களே ஒரு சின்ன மாற்று அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தேடுவதற்கென்று தனிப் பத்தி ஒன்று வைத்து அதில் சீராக்கிய வடிவத்தைப் போடுங்கள். பெற்றோர் எழுதிக் கொடுத்த வடிவத்தைத் தொடாதீர்கள், மெயிலில் அதுதான் போக வேண்டும்.

கேள்வி (ரங்கூன்): பெயர் வாங்கும் ஃபார்மில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. தமிழரிலோ முதலில் வருவது அப்பா பெயரின் எழுத்து. இரண்டு கட்டம் வைத்து முதல் துண்டை எடுத்து வணக்கம் சொன்னால், ஒரு பர்மியப் பெரியவருக்கு 'அன்புள்ள உ' என்று போகும். 'உ' அவர் வயதுக்குக் கொடுக்கும் மரியாதை, பெயர் இல்லை. நம் ஆளுக்கு 'அன்புள்ள எஸ்.' என்று போகும். 'முழுப் பெயர்' என்று ஒரு கட்டம், 'உங்களை எப்படி அழைக்கலாம்' என்று இன்னொரு கட்டம். அவ்வளவுதான். நம்மில் பலருக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், அட்டையில் ஒரு பர்மியப் பெயர். என் அப்பாவுக்குக் கோயில் ரசீது தமிழ்ப் பெயரில்தான் வர வேண்டும். பாங்க் காகிதம் மற்றப் பெயரில். எந்தப் பெயர் எதற்கு என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும், ஆப் தீர்மானிக்கக் கூடாது.

கேள்வி (மோல்மீன்): பிறந்தநாள் அர்ச்சனைக்கு நினைவூட்டும் மெயில் எல்லோருக்கும் ஒரு நாள் முன்னதாகப் போகிறது.

பதில்: நம் நேரம் உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னால். 15-ஆம் தேதி பிறந்தவரைப் போனில் பதிந்தால், ஆப் அதை 15-ஆம் தேதி நள்ளிரவு என்று எடுத்து உலக நேரத்துக்கு மாற்றும். அது 14-ஆம் தேதி சாயங்காலம் 5.30 ஆகிவிடும். சர்வர் தேதியை மட்டும் வெட்டி எடுக்கும்போது 14. பிறந்த தேதியை நேரமாக வைக்காதீர்கள், தேதி வகையிலேயே வையுங்கள். மெயில் புறப்படும் நேரத்தைக் கணக்கிட 'ஆசியா/யாங்கூன்' என்ற மண்டலப் பெயரைக் கொடுங்கள். முழு மணிக்கணக்கில்தான் வித்தியாசம் இருக்கும் என்று நினைத்து எழுதிய கோட் நம் அரை மணியில் வந்து இடறும்.

கேள்வி (தன்லின், பைக் வாடகைக்கு விடுபவர்): வாடிக்கையாளரின் என்.ஆர்.சி. என்ற அரசு அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து ஆப்பில் வைத்துக்கொள்கிறேன். பாதுகாப்பாக வைக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: அண்ணே, உங்களுக்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் படம் உங்களுக்கு எதற்கு வேண்டும்? பைக் திரும்பி வரும்வரை ஆள் யார் என்று தெரிய வேண்டும். பைக் வந்துவிட்டது. அப்புறமும் படம் ஏன் இருக்கிறது?

இதே மாதிரி ஒரு வாடகைக் கடையில், ஆப்பைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கடைப் பையன் தன் போனை என் கையில் கொடுத்தான். கேலரியைத் திறந்தேன். தலைக்கு நாலு படமாக அட்டைகள்தான், விரலால் தள்ளத் தள்ள முடியவில்லை. பெயர், அப்பா பெயர், முகம், எண். நடுவில் அவன் தங்கை கல்யாணப் படங்கள். அந்தப் போனுக்குப் பூட்டு கிடையாது. மத்தியானம் சாப்பிடப் போகும்போது மேஜை மேலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போவான். அந்த எண்ணில் மாநிலம், ஊர், குடியுரிமை வகை எல்லாம் இருக்கிறது. இந்த ஊரில் அந்த அட்டைக்காக நம் தாத்தாமார்கள் எத்தனை அலுவலகப் படி ஏறினார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

முதல் வழி, அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் குறித்துக்கொள்வது. முழுசாகத்தான் வேண்டும் என்றால், கேலரியில் விழாமல் ஆப்புக்குள்ளேயே படமெடுத்து, பூட்டிய இடத்தில் வைத்து, பைக் திரும்பிய மறுநாள் தானாக அழியும்படி அமையுங்கள். தானாக என்பது முக்கியம். அழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தால் அழிக்க மாட்டோம். போனிலிருந்து படங்கள் கூகுள் கணக்குக்கும் வைபர் குரூப்புக்கும் போயிருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள், அங்கேயும் அழியுங்கள்.

இதைக் கறாராகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 2016-ல் ஆள் சேர்க்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். நேர்முகத் தேர்வுத் தேதி மாறிவிட்டது என்று நூற்றுச் சொச்சம் பேருக்கு மெயில் அனுப்ப வேண்டும். முகவரிகளையெல்லாம், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாத மறைநகல் (பி.சி.சி.) இடத்தில் போட வேண்டியவள், அவசரத்தில் 'பெறுநர்' இடத்தில் ஒட்டி அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் எல்லோர் முகவரியும் தெரிந்தது. பட்டியலில் ஆள் கேட்டிருந்த முதலாளிகளும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் வேலை செய்துகொண்டே வேறு வேலை தேடிய ஒரு பெண்ணும் இருந்தாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. அவள் என்னிடம் ஃபோனில் சத்தம் போடவில்லை. "அக்கா, நான் உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்" என்றாள். அனுப்பிய மெயிலைத் திரும்பக் கூப்பிட எந்த வழியும் இல்லை. அன்றிலிருந்து நான் எழுதும் எந்த நிரலும் பலருக்கு ஒரே மெயிலை அனுப்பாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயில், பெறுநர் இடத்தில் ஒரே ஒரு முகவரி. மறைநகலைக் கூட நம்புவதில்லை.

கேள்வி (பெகு): பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்குப் புது வழி அனுப்பினால் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் கொடுத்த ஈமெயிலே தங்களுக்குத் தெரியாது என்கிறார்கள்!

பதில்: உண்மையைத்தான் சொல்கிறார்கள். இங்கே நிறையப் பேருக்குப் போன் விற்ற கடையிலேயே ஈமெயில் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டார்கள். முகவரியும் பாஸ்வேர்டும் கடைப் பையன் தலையில் இருக்கும், அல்லது யார் தலையிலும் இருக்காது. நம் அம்மா அத்தைமார்களுக்கு ஈமெயில் என்பது போனைத் திறக்கக் கேட்கும் ஏதோ ஒன்று, அவ்வளவுதான். ஆகவே பதிவு செய்யும் அன்றைக்கே ஒரு சரிபார்ப்பு மெயில் அனுப்பி, அதைத் திறந்து அழுத்தினால்தான் அந்த முகவரியை ஏற்பது என்று வையுங்கள். திறக்க முடியாதவருக்குப் போன் நம்பர் வழி கொடுங்கள். சிம் கைமாறும், பழைய எண்ணை வேறொருவருக்கு விற்பார்கள். அதனால் எண்ணையும் வருஷத்துக்கு ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இன்னொன்று: பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்பும் ஆப்பாக உங்களுடையது இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அனுப்ப முடிகிறது என்றாலே அதைப் படிக்கும்படி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிகிரிப்ட் மாதிரி திருப்பிப் படிக்க முடியாத வடிவில்தான் சேமிக்க வேண்டும். மெயிலில் போக வேண்டியது அரை மணி நேரத்தில் காலாவதியாகும், ஒரு தடவை மட்டும் செல்லும் இணைப்பு.

கேள்வி (ரங்கூன், 72 வயது வாசகி): பேத்தி கல்யாண வீடியோவைச் சென்னை வியாசர்பாடியில் இருக்கும் என் தங்கைக்கு ஈமெயிலில் அனுப்பினால் போக மாட்டேன் என்கிறது. 30 எம்.பி. என்று காட்டுகிறது.

பதில்: அம்மா, ஜிமெயிலில் 25 எம்.பி.தான் எல்லை. அதிலும் ஃபைலை எழுத்தாக மாற்றித்தான் மெயில் சுமக்கும், அப்போது மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வீடியோவைக் கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டு, 'பகிர்' என்று அழுத்தி, தங்கையின் ஈமெயில் முகவரியை மட்டும் எழுதுங்கள். இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்ற இன்னொரு வரி கீழே இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஏற்றுவதற்கு விடியற்காலை நல்ல நேரம், நெட் வேகமாக இருக்கும். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பேத்திக்கு என் வாழ்த்து.